பார்க்காமல் இருந்த ஆட்டம்

என் கண் பொல்லாத கண் என்று கண்டுபிடித்தவர் மாமா. அம்மாவின் தம்பி அவர். பழுகாமத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தார். வேலை இல்லாத நேரங்களில் சின்னப் பிள்ளைகளைப் பேய்க்காட்டி ஏமாற்றுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. வேலை இல்லாத நேரமோ அவருக்கு நிறைய இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழி குஞ்சு பொரித்திருந்ததை நான் வேலியோரம் குந்தியிருந்து பார்த்து, என்ன வடிவான குஞ்சுகள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று பின்னேரமே பருந்து வந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது.

"மருமகள் பாத்தா பருந்துக்கே வழி தெரியுது. உன்ட கண் பொல்லாத கண் மனே," என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய் அலுமாரிக் கண்ணாடியில் என் கண்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா கொழும்பில் இருந்தார். எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போன தாய்மார் பலர் இருந்தார்கள். பந்து பிடிக்கப் போனவர் என் அம்மா ஒருவர்தான். அவருடைய பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் தொடங்கியபோது கோலுக்குள் நிற்க ஒருவரும் வரவில்லையாம். உயரமானவள் என்று அம்மாவைப் பிடித்து நிறுத்தினார்களாம். நின்றவர் நின்றவர்தான். கலியாணம் கட்டி, என்னைப் பெற்று, நான் நடக்கத் தொடங்கியதும் திரும்பப் போய் நின்றார். கொழும்புக் கழகம் ஒன்று அவருக்கு மாதச் சம்பளமும் தங்க இடமும் கொடுத்தது. பந்து பிடிக்கச் சம்பளமா என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. அப்பா வயல் வட்டைக்குள் நெல்லோடு மாரடிப்பவர். "நான் வெள்ளாமையக் காக்கிறன், அவ கோலக் காக்கிறா. அவவுக்குத்தான் சம்பளம் ஒழுங்கா வருது," என்று அவர்களுக்குப் பதில் சொல்லுவார்.

அம்மா லீவில் வந்தால் முதல் வேலையாகப் பந்து பிடிக்கக் கையில் போடும் கிளவுஸைக் கழுவுவார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல ஷாம்பூ போட்டு, பிழியாமல், மெதுவாக அமத்தித் தண்ணீரை எடுத்து நிழலில் போடுவார். வெயில் பட்டால் உள்ளங்கைப் பக்கம் வெடித்துவிடும். நான் அதைத் தொடக்கூடாது. தொடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அவ்வளவு பெரிய கைகள் என் அம்மாவுக்கு இருக்கின்றன என்று எனக்குப் பெருமை.

கோழிக்குஞ்சுக் கதை நடந்த சில நாட்களில் அம்மா லீவில் வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் விளையாடும் பெடியன்கள் அக்கா, அக்கா என்று கெஞ்சி அவரைக் கோலுக்குள் நிற்க வைத்தார்கள். அவர் விளையாடி நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண் வெட்டாமல் பார்த்தேன். எத்தனையோ பெரிய அடியையெல்லாம் பிடித்தவர், ஒரு சின்னப் பெடியன் சும்மா தட்டிவிட்ட பந்தை விட்டுவிட்டார். அது அவருடைய கைக்கும் வயிற்றுக்கும் இடையால் உருண்டு உள்ளே போனது. மழை ஈரம், பந்து வழுக்கிவிட்டது என்றார்கள். அம்மாவும் எழும்பிச் சேற்றைத் தட்டிக்கொண்டே சிரித்தார். எனக்கு மட்டும் உண்மையான காரணம் தெரிந்துவிட்டது.

மாமா பழஞ்சோறு தின்றுகொண்டிருந்த நேரம் பார்த்துப் போய், கண்ணூறு உள்ள ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் கோழிக்குஞ்சை எப்போதோ மறந்துவிட்டார். ஆனாலும் பகிடிக்குக் குறைவில்லை.

"பாக்கக் கூடா. ஆரிட்டயும் சொல்லவும் கூடா. சொன்னா ரெண்டு மடங்காப் பலிக்கும்," என்றார், மிளகாயைக் கடித்தபடி.

இவ்வளவுதான் அவர் சொன்னது. ஒரு பிள்ளையின் நித்திரையைக் கெடுக்க இவ்வளவு போதும்.

அந்த லீவு முடிவதற்குள்தான் அம்மாவின் கழகத்துடைய ஒரு ஆட்டத்தை மட்டக்களப்பு நகரத்தில் வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சொந்தச் சனத்துக்கு முன்னால் அம்மா விளையாடப்போகிறார். ஊரே சந்தோஷப்பட்டது. அம்மா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. குசினியில் அவர் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வாற வருசத்துக்கு ஒரு கீப்பரத்தான் வெச்சிருப்பாங்களாம். மத்தவளுக்கு இருவது வயசு. இந்த ஆட்டத்தப் பாத்துத்தான் முடிவெடுப்பாங்க. இதில பிழை விட்டா என்னய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வந்தா வா. வீடு இரிக்குத்தானே," என்றார் அப்பா.

அம்மா துருவலையில் தேங்காய் துருவும் சத்தம் பலமாகக் கேட்டது. அப்பா ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை அவருக்கு ஆறுதலாக இல்லை என்பது எனக்குக்கூட விளங்கியது. அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் அப்படித் தோற்று, அனுப்பப்பட்டு வரும் அம்மா எனக்கு வேண்டாம். முடிவு என் கையில், இல்லை, என் கண்ணில் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் காய்ச்சல் வரும்போல் இருந்தது. காய்ச்சல் வந்தால் நல்லது, ஆட்டத்துக்குப் போகத் தேவையில்லை என்று தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காற்றில் நின்றேன். தும்மல்கூட வரவில்லை.

ஆட்டத்தன்று காலையில் அமிர்தகழிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமாங்கக் கோயிலில் எல்லாரும் அம்மாவுக்கு வெற்றி கேட்டார்கள். நான் மட்டும், பொழுது படும்வரை என் கண்ணைக் குருடாக்கிவிடு, பிறகு திருப்பித் தந்துவிடு என்று கேட்டேன். எடுப்பதைத் திருப்பித் தரவேண்டும் என்பதை மறக்காமல் இரண்டு தடவை சொன்னேன்.

மைதானத்தின் ஒரு பக்கம் வாவி. கரையோரமாக இருந்த கட்டை மதிலில் அப்பாவும் மாமாவும் என்னை நடுவில் ஏற்றி இருத்தினார்கள். அணிகள் ஓடிவந்ததும் நான் காலைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். போதாது என்று கண்ணையும் பொத்திக்கொண்டேன். முதுகுக்குக் கண் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எதற்கும் ஒரு பாதுகாப்பு.

முதல் பாதி முழுதும் நான் அம்மாவின் குரலை மட்டும் கேட்டேன். கோல்காப்பாளர் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் விட வேண்டும் என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். தூரத்துக் கோலிலிருந்து அம்மா சிங்களத்தில் கத்தினார். வீட்டில் அதட்டியும் பேசாத அவருடைய குரல், எனக்கு விளங்காத பாஷையில், யாரோ ஒரு பெரிய அதிகாரியின் குரலாக வந்தது. அது கேட்காமல்போகும் நேரமெல்லாம், திரும்பக் கேட்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது அம்மா எங்களுக்குப் பக்கத்துக் கோலில் நின்றார். கூப்பிடு தூரம்தான். மாமா என் தோளைத் தட்டினார்.

"மனே, திரும்பு. அம்மா உன்னத்தான் பாக்கிறா. கையக் காட்டு."

நான் அசையவில்லை. "மகள்," என்று அம்மாவே ஒரு தடவை கூப்பிட்டார். சிங்களத்தில் கத்திய குரல் இல்லை அது, வீட்டுக் குரல். எனக்குத் திரும்பி ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கண்களை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். பிற்காலத்தில் நானும் அந்தக் கோலுக்குள் நின்று பார்த்திருக்கிறேன். மதிலில் இருக்கும் சனத்தின் முகமெல்லாம் அங்கிருந்து தெளிவாகத் தெரிகிறது. அத்தனை முகத்துக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிள்ளை இருந்தால் அதுவும் தெரியும்.

ஆட்டம் முடியக் கிட்டத்தில் சனம் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. "பெனல்டி," என்றார் அப்பா, தனக்குள் சொல்வதுபோல. மாமா வாயே திறக்கவில்லை. அவர் பகிடி விடாத நேரம் என்று ஒன்றை நான் அன்றுதான் கண்டேன். விசில் கேட்டது. பந்தில் கால் படும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் கத்தினார்கள். எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியாமல் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது மாமா என்னை அப்படியே தூக்கினார்.

"புடிச்சிட்டா மனே, உன்ட அம்மா புடிச்சிட்டா."

அன்றிரவு வீட்டில் தங்கிப்போக அம்மாவை விட்டார்கள். நாங்கள் பஸ்ஸில் வந்தோம். காத்தான்குடியில் உடுப்புக்கடைகள் வரிசையாக லைட் போட்டுக்கொண்டிருந்தன. அம்மாவின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது, கை முழுவதும் நோவெண்ணெய் மணம். முன் சீற்றில் மாமா பெனல்டிக் கதையை முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா என் பக்கம் குனிந்தார்.

"ஏன் மனே பாக்கல்ல?"

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இரண்டு மடங்காகப் பலிக்கும்.

"அம்மா ஆக்களுக்கு முன்னால சேத்துக்க விழுந்து உருளுறது உனக்கு வெக்கமா?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன். அழுகை வந்தது.

"அம்மா உன்ன உட்டுட்டுப் போறது கோவமா?"

கழகம் இன்னும் முடிவு சொல்லவில்லையே. இந்த நேரத்தில் ஒரு வார்த்தை விட்டாலும் எல்லாம் கெட்டுப்போகும். நான் அவருடைய மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பட்டிருப்புப் பாலத்தில் பஸ் ஏறி இறங்கும்வரை அவர் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அதுக்கு மறுகா ஒன்றும் கேட்கவில்லை. நான் பல்லைக் கடித்து இரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நித்திரையாகிவிட்டேன்.

கழகம் அம்மாவைத்தான் தெரிவு செய்தது. செய்தி மறுநாள் காலையிலேயே ஃபோனில் வந்தது. அம்மா முற்றத்தில் நின்று, சிங்களத்தில், அவசரப்படாமல் கதைத்தார். கதைத்து முடித்துவிட்டு, தான் போகவில்லை என்று வீட்டில் சொன்னார். அப்பா கையில் இருந்த தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டார். மாமாவுக்குத்தான் தாங்க முடியவில்லை.

"உனக்கென்ன அக்கா பைத்தியமா? கூப்பிட்டுத் தாறான், வேணாங்கிறாய்."

"முழங்கால் ஏலா," என்றார் அம்மா.

அந்த ஏலாத முழங்காலோடு அடுத்த கிழமையே பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கத் தொடங்கினார். அவர்களோடு சேர்ந்து விழுந்தார், எழும்பினார், பாய்ந்தார். இன்றைக்கு எங்கள் படுவான்கரைப் பக்கத்து ஊர்களில் பந்து பிடிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் அவர் பழக்கியவர்கள். ஊர் அவரை இப்போது கோச் என்றுதான் கூப்பிடுகிறது. அந்த முழங்காலை மட்டும் ஒரு வைத்தியரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பழக்கத் தொடங்கிய முதல் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அன்றைப்போலவே மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்காரப்போனேன். அம்மா வந்து என் முன்னால் குந்தி, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அம்மா இனி விளையாடப் போகமாட்டன். நீ இனி அங்கால திரும்பி இருக்கத் தேவையில்ல, என்ன."

எனக்கு ஒரேயடியாக எல்லாம் விளங்கிவிட்டது. என் கண்ணைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்களோ, தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவர் என்னைக் கோபிக்கவில்லை. இவ்வளவு நாளும் தனியே சுமந்துகொண்டு திரிந்தேனே என்று நினைத்து, ஓம் அம்மா, ஓம் அம்மா என்று தலையை ஆட்டினேன். எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை. அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அதுவும் சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொண்டு நான் பந்து பொறுக்க ஓடினேன்.