சிறுமலைக்கு நடந்த தேனிலவு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த பொம்மையனுக்கு ரோஷம் கொஞ்சம் தூக்கல். சின்ன வயதில் பாரவண்டிச் சக்கரம் ஏறி இடது கால் சற்றுக் குட்டையாகிப் போனது. அதைப் பார்த்து யாராவது எழுந்து இடம் கொடுத்தால் போதும், அந்த ஆளோடு அப்புறம் முகம் கொடுத்துப் பேச மாட்டான். வலிக்கிறது என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து பெற்ற தாய்கூடக் கேட்டதில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் அவனுக்கும் பேச்சாயிக்கும் கல்யாணம். பெண் சிறுமலை அடிவாரத்துத் தோட்டக்காரர் மகள், மூக்கும் முழியுமாக இருப்பாள். பந்தியில் யாரோ, "இம்புட்டு அழகான புள்ளைய நொண்டிக்குப் பிடிச்சுக் குடுத்துட்டாகளே" என்றது மாப்பிள்ளை காதில் விழுந்து தொலைத்தது. அன்றிலிருந்து ஒரே கேள்வி அவனைக் குடைந்தது. இவள் மனசாரக் கழுத்தை நீட்டினாளா, பெரியவர்கள் சொன்னதற்காக நீட்டினாளா? கேட்கவும் நாக்கு எழவில்லை.

தேனிலவு என்ற பேச்சு அப்போதுதான் ஊருக்குள் நுழைந்திருந்தது. கொடைக்கானல் பஸ் ஓட்டிய மீரான் கேட்காமலே யோசனை சொன்னார்.

"மாப்ளே, என் வண்டியில முன் சீட்டு போட்டுத் தாரேன். ஏரியில படகு விட்டுட்டுத் திரும்பிரலாம்."

"சீட்டுல உக்காந்து போறதுக்கு எதுக்கு மாமா மலை? பெரியகுளத்துல இருந்து வெள்ளைக்காரன் ஏறின பழைய பாதை இருக்குல்ல, அதுல நடந்து ஏறப் போறேன்."

"வெள்ளைக்காரனே டோலியிலதான்டா ஏறினான்."

"அப்ப நான் நடந்து காட்டுறேன்."

பழனியிலிருந்து கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டிக்கு ஏறுகிற பாதை இன்னும் கிட்டம் என்றார் ஒரு கண்டக்டர். யானை நடமாட்டம் உண்டு என்று இன்னொருவர் அதை அடித்துவிட்டார். அவன் வந்து சொன்ன எல்லாவற்றையும் வீட்டில் சோறு போடும்போது பேச்சாயி கேட்டுக்கொண்டாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"சிறுமலைக்குப் போவோமே. பொறந்ததுல இருந்து எங்க தோட்டத்துல நின்னு பாக்குறேன். பொட்டப்புள்ளைக்கு மலையில என்ன வேலைன்னு அப்பா விட்டதே இல்ல."

கட்டிக்கொண்டு வந்தபின் அவள் கேட்ட முதல் ஆசை அது. மறுக்க முடியவில்லை. ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. நம் காலைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் சின்ன மலையாகச் சொல்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டான்.

அந்த வீம்பில் ஏறும்போது அவன்தான் முன்னால் போனான். வாழைத்தார் சுமந்து இறங்கிய குதிரைகளுக்கு ஒதுங்கி நின்ற நேரம் தவிர எங்கும் நிற்கவில்லை. பேச்சாயி தலை நிறையப் பூவும் கையில் புளிச்சோற்றுத் தூக்குவாளியுமாக மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

மேலே வாழைத்தோட்டத்துக்குள் கால் வைத்ததும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு காயாத பெண், கூட ஒரே ஒரு ஆண், சொந்தபந்தம் யாரும் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த ஜோடி என்று முடிவாகிவிட்டது. சும்மா மலை பார்க்கப் புருஷன் பெண்டாட்டி நடந்து வந்தோம் என்றால் அந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்?

அப்படி வருகிறவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து முதலில் பெண்ணைக் கேட்பது அங்கே வழக்கம். அவள் சம்மதித்து வந்திருந்தால் இருவருக்கும் சோறு, இல்லாவிட்டால் ஆணுக்கு அடி. பொம்மையனைக் குடிசைக்கு வெளியே உட்காரவைத்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் தோட்டக்காரி ஒச்சாயி விசாரித்தது அவனுக்கு ஒன்றுவிடாமல் கேட்டது.

"பயப்படாமச் சொல்லு ஆத்தா. மிரட்டிக் கூட்டியாந்தானா? காலும் விந்தி விந்தி நடக்குறான். உன் அழகுக்கு இவனா கெடச்சான்?"

பொம்மையன் இடது காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான்.

"ஓடியாரல. எங்கப்பாதான் கட்டிக் குடுத்தாரு" என்றாள் பேச்சாயி. "ஒருநா எங்கம்மா கத்திரிக்காக் கூடையோட வாரதுக்குள்ள கடைசி பஸ்ஸ எடுத்துட்டாக. இவரு அந்தக் காலோட ஓடிப் போயி பஸ்ஸ மறிச்சாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன். பெறகு இவரு வீட்டுல பொண்ணு கேட்டு வந்தப்ப அப்பா யோசிச்சாரு. கட்டுனா இவரத்தான்னு அடம்பிடிச்சது நாந்தான். குடுக்க மாட்டேன்னு மட்டும் சொல்லியிருந்தாரு, நீங்க நெனைக்கிற மாதிரி ஓடித்தான் வந்திருப்பேன்."

பஸ்ஸை மறித்தது அவனுக்கு நினைவிலேயே இல்லை.

ஒச்சாயி சிரித்துவிட்டாள். இருவருக்கும் இலை போட்டுச் சோறு வைத்து, போகும்போது ஒரு சீப்பு மலைவாழையும் கொடுத்து அனுப்பினாள். ஊர் திரும்பியபின், என் பெண்டாட்டி எனக்காக ஓடிவந்திருப்பாள் என்று பொம்மையன் மார்தட்டிச் சொல்லாத டிரைவர், கண்டக்டர் கிடையாது. கேட்டுக் கேட்டு மீரானுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆனால் இறங்கும்போது நடந்ததை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. பாதி வழியில் ஒரு பாறையருகே நின்றான்.

"கால் வலிக்குது பேச்சாயி. செத்த நேரம் உக்காருவோம்."

அவள் பழத்தைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.