அந்த வருஷத்துப் புளிப்பானகம்

தை மாதக் காய்ச்சலில் என் பெண் குழந்தை போய்விட்டாள். ஒன்பது மாதம். பால்குடி மறக்காத பிள்ளைக்காக வருஷம் முழுக்கப் பண்டிகையை நிறுத்த வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே பங்குனியில் ராமநவமி வந்தது. ஐம்பதுகளின் நடுவில், குருபரப்பள்ளியில், ரோட்டோரத்து எங்கள் வீட்டு வாசலில் பானகம் கொடுக்கும் நாள்.

எனக்கு அழுகையே வரவில்லை. சோறு தின்றேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், தூங்கினேன். உடம்பு மரத்துப்போனதுதான் மிச்சம். தெருப் பெண்களைத்தான் தாங்க முடியவில்லை. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். கிணற்றடியில் முறைக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர்கள், இப்போது வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தியாவது பழையபடி சண்டைக்கு வரமாட்டாளா என்றிருந்தது. அதற்காகவே அந்த வருஷமும் பானகத்தை நானே கலந்து, நானே கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

"நீ போயி படுமா, நான் கரைச்சிக்கறேன்" என்றார் மாமியார்.

"இல்லைங்க அத்தை, வருசா வருசம் நான்தானே செய்யறேன்."

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் போடுவதில்லை, புளிதான். கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் நாலு மிளகும் தட்டிப் போட்டேன். சாமிக்குப் படைக்கும்வரை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. படைத்த பிறகு முதல் டம்ளரை மாமியார் குடித்தார். "நல்லா இருக்குதுமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்புறம் தெருவே வந்து குடித்தது. எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். யாரும் இரண்டாவது டம்ளர் கேட்கவில்லை. வெயில் இன்னும் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சிவேளையில் ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு பாரவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் கன்னடக்காரர், எங்களை முன்பின் அறியாதவர். கையைக் குவித்தார், ஊற்றினேன். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"ஏனம்மா இது? பெல்லா ஹாக்கில்வா?"

வெல்லம் போடவில்லையா என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. குடித்துப் பார்த்தேன். வெறும் புளித்தண்ணீர். உள்ளே ஓடினால், தட்டி வைத்த வெல்லம் முறத்தில் அப்படியே கிடந்தது, எறும்பு மொய்த்து. காலையிலிருந்து இத்தனை பேர் இதைக் குடித்திருக்கிறார்கள். மாமியார் உட்பட ஒருவரும் மூச்சுவிடவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெல்லத்தை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோதும் அவர் ஓயவில்லை. வெயிலில் வந்த மனுஷனுக்கு இதையா கொடுப்பது, பானகம் கலக்கத் தெரியாதவள் எதற்கு அண்டாவைத் தூக்கி வாசலில் வைக்க வேண்டும் என்று கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். கேட்கக் கேட்க என் கண் நிறைந்து வழிந்தது. தை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அழுதேன்.

மனுஷர் பயந்துபோனார். "பிடம்மா, அளபேடா" என்று, விடும்மா அழாதே என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் திட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.