கிராபிக்ஸ் கார்டுக்கு அவர் சொன்ன காரணம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். எந்தப் பாகத்தை எடுக்கும் முன்பும் இரும்பு ஷட்டரைத் தொட்டுக்கொள்வார். உடம்பிலிருக்கும் கரண்ட் இறங்கிவிடுமாம்.

கம்பெனி டிராயிங் வேலைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொல்லி மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடும் ஆசையை அவரிடம் மட்டும் முன்பே சொல்லியிருந்தேன்; அவளிடம் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்தவள், "இந்த கிராபிக்ஸ் கார்டு எதுக்கு?" என்றாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "டிராயிங் தடங்கலில்லாம ஓடணும்ங்க அக்கா. செலவு குறையணும்னா மானிட்டரை வேணா சின்னதா போட்டுக்கலாம்" என்றார்.

பொங்கலன்று ரேஸில் மனைவி என்னைத் தோற்கடித்தாள். "நீங்க டீ சொல்லப் போனப்பவே, இதுல கேம் நல்லா ஓடுமான்னு அவர்கிட்ட கேட்டுட்டேன்" என்றாள்.

இருவர் ரகசியத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, அவர் எப்படித்தான் சிரிக்காமல் ஸ்க்ரூ முடுக்கினாரோ!