நாய் மேல் இருந்த கை

மாப்பிள்ளை வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்ப ஒரு போட்டோ வேண்டும் என்று அப்பா சொன்னபோது, என் நாயும் அதில் இருக்கும் என்றேன். அறுபதுகளின் கடைசி அது. நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் நிலமும் வீடும். நான் கல்யாணமாகிப் போனதும் நாயை மலைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவதாக அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். விடுவாராம்! நான் போகிற இடத்துக்கு அதுவும் வரும். பெண் கேட்கிறவர்கள் அதை முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் என் எண்ணம்.

தர்மபுரியிலிருந்து போட்டோக்காரர் சைக்கிளில் வந்தார். வந்ததும் வராததுமாக வேப்பமர நிழலில் நாற்காலியைப் போடச் சொன்னார்.

"கருப்பு நாயிங்கணா. நெழல்ல வெச்சா கண்ணு மட்டுந்தான் தெரியும். சுண்ணாம்புச் சுவத்துகிட்ட உக்கார்றோம்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். வந்தவர் நின்றபடியே கேமராவைத் தூக்கினார். அப்படி எடுத்தால் நாய்க்கு முதுகும் இரண்டு காதும்தான் விழும்.

"கீழ உக்காந்து எடுங்கணா."

"நாய்க்கு முன்னால மண்டி போடறதுக்கா நான் தொழில் கத்துக்கிட்டேன்?"

"அப்ப எனக்கும் எடுக்க வேணாம், போங்க."

அப்பா பல்லைக் கடித்தார். போட்டோக்காரர் மண்டி போட்டார். அம்மா அவருக்குப் பின்னால் நின்று கஞ்சிச் சட்டியில் கரண்டியால் தட்டினாள். நாய் காதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பார்த்தது. நாற்காலியில் இருந்த நான் வலது கையை நீட்டி அதன் தலைமேல் வைத்திருந்தேன்.

படத்தை என் கண்ணில் காட்டாமலே அப்பா அனுப்பிவிட்டார். சில வாரம் கழித்து அரூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்ததும் மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்: "கண்ணு, அந்த வலது கைய நீட்டி மடக்கு, பாக்கலாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீட்டினேன், மடக்கினேன்.

"வெரலு?"

விரலையும் மடக்கிக் காட்டினேன்.

"பின்ன போட்டோவுல ஏன் இப்படிக் கெடக்குது?" என்று படத்தை நீட்டினார்.

அடக் கடவுளே! படத்தில் நாய் இல்லை. நான் இருந்தேன், வெள்ளைச் சுவர் இருந்தது. என் கை மட்டும் அந்தரத்தில், விரல் மடங்கி, வாதம் வந்த கை மாதிரி நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். போட்டோக்காரரிடம் சொல்லி, நெகட்டிவில் நாய் இருந்த இடத்தில் சிவப்பு மை பூசவைத்தது அவர்தான். மை பூசிய இடம் படத்தில் வெள்ளையாகத்தான் விழும்.

பின்கட்டில் கட்டிப்போட்டிருந்த நாயை அவிழ்த்து, எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்துக்கே கூட்டிவந்தேன். அதன் தலைமேல் கையை வைத்தேன்.

"கையில ஒரு கொறையும் இல்லைங்க. இதுமேலதான் இருந்துச்சு. நான் வந்தா இதுவும் வரும்."

"நாயெல்லாம் எங்க வூட்டுக்கு ஆவாது" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத்தான் வந்தேன். மரியாதையில் நான் குறை வைக்கவில்லை.

"மானத்த வாங்கிட்டியே" என்றார் அப்பா.

"நாய அழிச்சது நீங்க. என்னை மொடமாக்கினதும் நீங்கதான்."



மறுநாள் பஸ் ஏறி ஸ்டுடியோவுக்குப் போனேன். "அந்த மையக் கழுவுங்கணா" என்றேன். போட்டோக்காரர் முனகிக்கொண்டே ஈரப் பஞ்சால் நெகட்டிவைத் துடைத்தார். மை கரையக் கரைய முதலில் காது வந்தது, பிறகு மூக்கு, பிறகு முழு நாயும்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு" என்று அவரே சொன்னார். விழாமல் என்ன செய்யும்? மண்டி போடவைத்தது யார்?

அதற்குப் பிறகு எந்த வரனுக்கும் அந்தப் படம்தான் போனது. வேறு படத்துக்கு நான் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டேன். பிடிக்காத வீட்டார் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். போன போட்டோ வந்துகொண்டே இருந்தது. தரகருக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஊரில் என்னை நாய்க்காரி என்றார்கள். சொல்லட்டுமே, பொய்யா சொன்னார்கள்? அதியமான்கோட்டையில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் போட்டோ திரும்பி வரவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் அந்த வீட்டு மாட்டுவண்டியில் எனக்கு முன்னால் தாவி ஏறியது என் நாய்தான். என் மாமியார் நகர்ந்து உட்கார்ந்து அதற்கு இடம் விட்டார்.