பன்னிரண்டு மணிப் பால்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ராமுத்தாய் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் மணி மாறவில்லை, அவுன்ஸ் மாறவில்லை. குரல் உடைந்த இடம்கூட மாறவில்லை.

1961, மே மாதம். சித்தையன்கோட்டைப் பக்கம் வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. புருஷன் பொம்மையன் அவளை மாட்டு வண்டியில் படுக்க வைத்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தான். ஒரு லேடி டாக்டர் தன் பழைய வீட்டையே சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியாக்கி நடத்திவந்தார். அங்கே பெண் குழந்தை பிறந்தது. மூன்று பவுண்டு ஆறு அவுன்ஸ். கண் திறக்கவே அதற்குத் தெம்பில்லை. மார்பில் வைத்தால் சப்பத் தெரியவில்லை.

பிள்ளையைப் பஞ்சு சுற்றி, வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே உள்ளறையில் வைத்துவிட்டார்கள். தாய்க்குக்கூட அங்கே அனுமதி இல்லை.

"நீ பாலை மட்டும் எடுத்துக் குடும்மா. நாங்க இங்க் பில்லர்ல சொட்டுச் சொட்டா விட்டுக்குறோம்" என்றாள் நர்ஸ் நசீம் பானு. பேகம்பூர்க்காரி, நல்ல மனுஷி. பால் எடுக்கும் பம்ப்பை அவள்தான் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரு முனையில் புனல்போல் விரிந்த கண்ணாடி வாய். நடுவே பால் தங்கும் குமிழ். மறுமுனையில் சிவப்பு ரப்பர் பந்து. பந்தை அமுக்கி, வாயை மார்பில் பொருத்தி, பிடியை விட வேண்டும். பந்து மெல்ல உப்பும். பால் பீறிடும்.

காலையிலும் மாலையிலும் ராமுத்தாய்க்குச் சொட்டுத்தான் வரும். உச்சிப் பொழுதில்தான் மார் கட்டி, கல்லாய் வலிக்கும். அந்தப் பாலை நம்பித்தான் பிள்ளையின் உயிர் இருந்தது.

நசீம் பானு அவளைப் பின்கட்டு அறையில் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள். ஒரு மேசை, அதன்மேல் ஒரு டைம்பீஸ், ஒரு முக்காலி. கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் ஒன்றும் கேட்காது.

முதல் நாள். கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. ராமுத்தாய் பாலை எடுத்துக் கோடு போட்ட அவுன்ஸ் கிளாஸில் ஊற்றினாள். சரியாக இரண்டு அவுன்ஸ். தட்டு போட்டு மூடிவிட்டு, திரும்பி நின்று ரவிக்கையை முடிந்தாள்.

சப்... சப்...

திரும்பினாள். யாரும் இல்லை.

பன்னிரண்டு இருபதுக்கு நசீம் பானு வந்து தட்டைத் தூக்கினாள். "என்னம்மா, ஒரு அவுன்ஸ்தானே இருக்கு?"

"ரெண்டு இருந்துச்சுக்கா. கோட்டைப் பாத்துத்தான் வச்சேன்."

"கண்ணு அசந்திருப்பே."

மறுநாள் ராமுத்தாய் கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டு பத்து. மூடிய தட்டு மூடியபடியே இருந்தது. கிளாஸுக்குள் பால் மட்டும் லேசாக நடுங்கியது. இரண்டு... ஒன்றரை... ஒன்று. கிளாஸில் கீறல் இல்லை. மேசையில் ஈரம் இல்லை.

சாயங்காலம் சோறு கொண்டுவந்த பொம்மையனிடம் சொன்னாள்.

"பச்சை ஒடம்புக்காரி. வெயிலுக்குக் கண்ணுல பூச்சி பறக்கும். கண்டதையும் நெனைக்காதே புள்ள" என்றான் அவன்.

அன்று பிள்ளையை நிறுத்துப் பார்த்தார்கள். மூன்று பவுண்டு ஓர் அவுன்ஸ். "பாலு பத்தலை. இப்படியே போனா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கிளாஸே வேண்டாம் என்று முடிவு செய்தாள். எடுத்த பாலைப் பம்ப்போடு நேராக நர்ஸ் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பன்னிரண்டு அடித்தது. பந்தை அமுக்கிப் பொருத்தினாள். பிடியை விட்டாள். பந்து உப்பியது.

பிறகு அவள் அமுக்கவில்லை.

பந்து தானாக ஒடுங்கியது. உப்பியது. ஒடுங்கியது.

சப்... சப்... சப்...

பல் முளைக்காத ஈறு கவ்வுவதுபோல் இருந்தது. பிடுங்கப் பார்த்தாள். வரவில்லை. கத்தினாள். சத்தம் எழும்பவில்லை. பால் இறங்குவது நெஞ்சில் தெரிந்தது. கண்ணாடிக் குமிழ் மட்டும் காய்ந்து கிடந்தது.

பன்னிரண்டு இருபத்தைந்து. பிடி விட்டது.

காதோரம்... ஒரு சின்ன ஏப்பம்.

ராமுத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேய் என்றால் காறித் துப்பலாம். பசித்த பிள்ளையை என்ன செய்வது? வெளியே சொன்னால் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளறையில் கிடக்கும் அவள் பிள்ளை பாலில்லாமல் செத்துப்போகும்.

நான்காம் நாள் வீட்டிலிருந்து வந்த பித்தளைத் தம்ளரையும் உள்ளே எடுத்துப் போனாள். முதல் பாலைத் தம்ளரில் ஊற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"இது ஒனக்கு. அதுல வாய் வைக்காதப்பு... அது எம்புள்ளைக்கு."

சப்... சப்...

தம்ளர் காய்ந்தது. கிளாஸில் ஒரு கோடுகூட இறங்கவில்லை.

முப்பத்தொன்பது நாள் அப்படியே வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளை ஏறியது. ஐந்து பவுண்டு ஆனதும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

பதினொன்றரைக்கே வண்டி ஏறிவிட்டாள். எங்கோ சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு. மடியில் பிள்ளை நல்ல தூக்கம். அவளுடைய இரண்டு மாரும் தானாகப் பீறிட்டன. சேலை நனைந்து, மடி நனைந்து... அவளால் நிறுத்த முடியவில்லை.

ஏழு வருஷம் கழித்து, 1968 தைப்பூசத்துக்குப் பழனி போகும்போது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நசீம் பானுவைப் பார்த்தாள். அவள் வேலையை விட்டிருந்தாள். ராமுத்தாயின் மகள் பேச்சாயியின் கன்னத்தைத் தடவி, "இம்புட்டூண்டு கெடந்த பிள்ளையா இது!" என்று சிரித்தாள். பேச்சோடு பேச்சாக அந்தப் பின்கட்டு அறையும் வந்தது.

நசீம் பானு குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பச் சொன்னா என்ன... ஒனக்கு முந்தி அதே கட்டில்ல ஒருத்தி இருந்தா. பையன். பொறந்த மறுநாளே போயிருச்சு. அவளுக்கு ஜன்னி கண்டிருந்துச்சு. சொன்னா தாங்க மாட்டான்னு டாக்டரம்மா சொல்ல வேணாம்னுட்டாங்க. எட்டு நாளு, உச்சிக்கு உச்சி, அந்த ரூம்ல ஒக்காந்து பால் எடுத்துக் குடுத்தா. 'குடிச்சானாக்கா?'ன்னு கேப்பா. குடிச்சிட்டான்னு சொல்லி அனுப்பிட்டு, அங்கேயே தரையில ஊத்திக் கழுவி விட்டுருவேன்."

ராமுத்தாய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நான் போன பெறகு அந்த ரூம்ல...?"

"அதை ஏம்மா கேக்குறே. அந்த வருசமே மூணு கொறை மாசப் பிள்ளைக. தாய்மாருக்கெல்லாம் பாலு நெறையத்தான் இருந்துச்சு. ஒண்ணுக்கும் எடை ஏறல."