ஒழுகுற காரும் கோவிச்ச அண்ணனும்

என்னைக் கட்டின மனிசன் கார் வாங்கினவர் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லிறேல்ல. அவர் வாங்கினது ஒரு எண்ணெய்ச் சட்டி, அதுக்குக் கீழ நாலு சில்லு. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகேக்க கைகழுவின பழசுகளில அதுவும் ஒண்டு. நிப்பாட்டின இடமெல்லாம் கறுப்பாச் சொட்டும். துறைமுகக் கந்தோரில கிளாக்கரா இருந்த மனிசன் பின்னேரம் எங்க போனவர் எண்டு நான் கேக்கிறதேயில்லை. வாயால "கந்தோரில வேலை கூட" எண்டுவார். சீட்டு விளையாடுற கூட்டாளியின்ர வாசலில சொட்டுக் கிடக்கும்.

ஒழுக்குக்குக் காரணம் ஒயில் சீல். எஞ்சினுக்குள்ள இருந்து வெளிய நீட்டிக்கொண்டு சுத்துற தண்டுக்கு ஒரு றப்பர் வளையம், அந்த வளையத்துக்கு மெல்லிசா ஒரு உதடு. அந்த உதடு தண்டைக் கவ்விக்கொண்டு எண்ணெயை உள்ளுக்க மறிச்சு வைச்சிருக்கோணும். எங்கட காரில அது காய்ஞ்சு அப்பத்துக் கரை மாதிரி நொறுங்கிப் போச்சு. பிறநாட்டுச் சாமான் வராத காலம். சவுக்காரத்துக்கே வரிசையில நிண்டனாங்கள், சீலுக்கு எங்க போறது? கந்தளாய் வரைக்கும் போய்த் தேடிப்போட்டு வெறுங்கையோட வந்தார்.

அளவான சீல் ஒரே ஒரு ஆளிட்டத்தான் இருந்தது. சல்லிக் கிராமத்தில வள்ளத்து எஞ்சின் திருத்துற என்ர அண்ணன்.

அண்ணன் எனக்கு நிலாவெளியில ஒரு மாப்பிள்ளை பேசி வைச்சவர். நான் ஏலாது எண்டு போட்டு இந்தக் கிளாக்கரைக் கட்டினனான். அந்த நாள் தொடக்கம் அண்ணன் என்ர படலை தாண்டினதில்லை. சந்தையில கண்டா மீனைப் பாப்பார், என்னைப் பாக்கமாட்டார். அப்பா அம்மா போனபிறகு எனக்குப் பிறந்த வீடு எண்டு இருந்தது அந்த ஒரு ஆள்தான். அவர் ஒருக்கா வந்து என்ர கையால சாப்பிடோணும். எனக்கு வேற ஆசை இருக்கேல்ல.

மச்சானும் மச்சானும் ரெண்டு பேருக்கும் ரோசம் மூக்கு நுனியில. ஆனாலும் கார் இல்லாம எங்கட மனிசனுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. போய்க் கேட்டவர். அண்ணன் குனிஞ்ச தலை நிமித்தாம எஞ்சினைத் துடைச்சவராம். ஆனா அடுத்த நாள் காலமை வந்து படலையில நிண்டார். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் எண்டது சும்மாவே?

"கார் எங்க?" எண்டு வேப்பமரத்தைப் பாத்துக் கேட்டார். ரேடியேற்றரைக் கழட்டி, சீலை எண்ணெயில ஊறப்போட்டு, மத்தியானம் வரைக்கும் முறிஞ்சு வேலைசெய்து மாட்டினார். நான் குடுத்த தேத்தண்ணியை மரத்துக்குக் கீழ நிண்டே குடிச்சார். போயிட்டு வாறன் எண்டும் சொல்லேல்ல.

நாலு நாளில கார் முந்தியிலும் பாக்கக் கூட ஒழுகிச்சுது. எங்கட மனிசன் ரோச் லைற் அடிச்சுக் கீழ பூந்து பாத்திட்டு, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார்.

"உங்கட அண்ணர் சீலை மாறிப் போட்டிருக்கிறார். உதடு வெளியாலை பாக்குது. வள்ளக்காரனுக்கு எதிரி வெளியிலதானே, கடல் உள்ள வரக்கூடாதெண்டு பூட்டியிருக்கிறார். எண்ணெய் வெளிய போறதைப்பற்றி அவருக்கென்ன கவலை!"

"இஞ்சாருங்கோ, அதை அவரிட்ட வாய் திறந்து சொன்னியளோ, பிறகு உங்களுக்கும் சோறில்லை" எண்டன். பிழை எண்டு சொன்னா அண்ணன் இனி இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டார். "இன்னும் ஒழுகுது" எண்டு மட்டும் சொல்லியனுப்பினம்.

வந்தார். "சீலில பிழையில்லை, காரில பிழை" எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டு, இன்னொண்டைக் கொண்டு வந்து அதே மாதிரி மாட்டினார். பக்கத்தில நிண்ட எங்கட மனிசன் உதட்டைக் கடிச்சுக்கொண்டு நிண்டதை நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு. அந்த வாடைக் காலம் முழுக்க, கடல் கொந்தளிச்சு வள்ளங்கள் கரையில கிடக்க, அண்ணன் எங்கட காரைத் திருத்தினார். மரத்துக்குக் கீழ நிண்டவர் படியில இருந்தார். படியில இருந்தவர் விறாந்தைக் கதிரையில இருந்தார். சோறு மட்டும், "வீட்டில சமைச்சிருக்கும்" எண்டு தட்டிப்போடுவார். நான் ஆக்கி வைச்ச சொதியைப் பாத்துக்கொண்டு ஏமாந்துபோய் நிப்பன்.

வாடை முடியிற நேரம் எங்கட மனிசனுக்குப் பொறுமை போச்சு. எண்ணெய் வாங்கிக் கட்டுப்படியாகேல்ல. ஒரு சனிக்கிழமை தானே கழட்டி, அதே சீலைத் திருப்பிப் போட்டார். ஒரு சொட்டு இல்லை. வந்து பெருமையாச் சொன்னார். நான் அகப்பையோட வெளிய வந்தனான்.

"நல்ல வேலை செய்தியள். இனி அண்ணன் என்னத்துக்கு வருவார்?"

 பாவம், மனிசனுக்கு அந்தக் கணக்கு ஓடேல்ல.

அடுத்த கிழமை அண்ணன் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டது. குசினிக்குள்ள ஓடி, கையில அம்பிட்ட போத்திலை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால போய், காருக்குக் கீழ ஊத்திப்போட்டு வந்து முகத்தைத் துடைச்சுக்கொண்டு நிண்டன்.

"இன்னும் ஒழுகுது அண்ணை" எண்டன்.

அண்ணன் குந்தி இருந்து பாத்தார். விரலால தொட்டார். மணந்தார். பிறகு மெதுவா எழும்பி என்னைப் பாத்தார். கலியாணத்துக்குப் பிறகு அவர் என்ர முகத்தை நேராப் பாத்தது அண்டைக்குத்தான்.

"தங்கச்சி, இந்தக் கார் எப்ப தொடக்கம் நல்லெண்ணெயில ஓடுது?"

எங்கட மனிசன் செருமிக்கொண்டு உள்ள போயிட்டார்.  எனக்குப் பொய் ஒண்டும் வரேல்ல, உண்மைதான் வந்தது.

"ஒழுக்கு நிண்டா நீங்கள் வரமாட்டியள் எண்டு பயந்தனான்."

அண்ணன் விரலைச் சாரத்தில துடைச்சார். துடைச்சுக்கொண்டே நிண்டார்.

"நானும் ஒழுக்கு நிண்டிடும் எண்ட பயத்திலதான் நெடுக வந்து பாத்தனான்" எண்டார். "பசிக்குது, சோத்தைப் போடு."