கதைக்குள் புகுந்த கடிகாரம்

கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'அப்புறம் டீச்சர்'. இலக்கிய வகுப்பில் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கண்ணை அகலத் திறந்து, "அப்புறம்?" என்று கேட்பார். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். யாருமே பேசாத நாளில் முகம் தொங்கிப் போய் வீடு திரும்புவார். விடிந்தால் அதெல்லாம் மறந்துபோய், முதல் நாள் வேலைக்குப் போகிறவர் மாதிரி கிளம்பிவிடுவார். ஆண்டவன் அவருக்கு அப்படி ஒரு மனசைக் கொடுத்திருந்தான்.

கிடைத்த நேரம்தான் பொல்லாதது. கடைசி மணி. கணக்கியல் பிள்ளைகள் காலையிலிருந்து வரவு செலவோடு மல்லுக்கட்டிவிட்டு, கண் சொருகிய நிலையில் வந்து உட்காருவார்கள். அந்த வாரம் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். உங்க வகுப்புல பாதிப் பேர் தூங்குறாங்கன்னு காதுல விழுது. அந்த நேரத்தைக் கம்ப்யூட்டர் பயிற்சிக்குக் கேக்குறாங்க. நாளைக்கு நானே வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்."

"தாராளமா வாங்க சார்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகுதான் நாளைக்கு எந்தக் கதை என்ற கவலை பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. கல்லூரியில் வகுப்பு முழுவதற்கும் நகல் எடுத்து வந்திருந்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். இரண்டு கதைகள். ஒன்று நாளைக்கு, இன்னொன்று அடுத்த வாரத்துக்கு. ஒவ்வொன்றும் இரண்டு தாள். தானே தட்டச்சு செய்தவை. அவசரத்தில் பக்க எண் போடவில்லை; தலைப்பும் முதல் தாளில் மட்டும்தான்.

வீட்டோடு இருந்து துணி தைக்கும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"குடுங்க அண்ணி, நான் பின் அடிக்கிறேன். நீங்க போய் அடுப்பைப் பாருங்க. உங்க பரபரப்புல பால் பொங்கிடப் போகுது."

"முதல் தாளுக்கு அடியில ரெண்டாம் தாள். அவ்வளவுதான்டி."

"ரவிக்கைக்குக் கையைச் சரியா வச்சுத் தைக்கிறவளுக்கு இதைச் சொல்லித் தரணுமா?"

டீச்சர் உள்ளே போன நேரத்தில் மின்விசிறி தன் வேலையைக் காட்டியது. தாள்கள் பறந்து நாற்காலிக்கு அடியில் கிடந்தன. நாத்தனார் பொறுக்கி அடுக்கினாள், பின் அடித்தாள், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் கடைசி மணி. முதல்வர் சொன்னபடி பின் பெஞ்சில் வந்து அமர்ந்தார். அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். டீச்சர் உள்ளுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஒருத்தி வீட்டைவிட்டுப் போக முடிவெடுத்து, பெட்டியோடு பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். பேருந்து வரும் சத்தம் கேட்கிறது. முதல் தாள் அங்கே முடிகிறது.

"மீதியை நீங்களே மனசுக்குள்ள படிங்க. படிச்சுட்டுச் சொல்லுங்க, அவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்க?"

கதை அவருக்கு மனப்பாடம். அதனால் தன் பிரதியை அவர் புரட்டவே இல்லை.

மூச்சுக் காட்டாமல் படித்தார்கள். பிறகு, சேர்ந்த நாளிலிருந்து வாய் திறந்தறியாத ஜன்னலோரப் பெண் கையைத் தூக்கினாள்.

"அவங்களுக்குப் போக மனசே இல்லை டீச்சர். அதான் நின்னுபோன கடிகாரத்தைத் தூக்கிட்டு ரிப்பேர் கடைக்குப் போறாங்க. இனிமே இது ஓடாதுன்னு கடைக்காரர் சொன்னதும் சந்தோஷமாயிடுறாங்க. நேரம் தெரியலைன்னா பஸ்ஸை விட்டது அவங்க தப்பு இல்லையே."

எந்தக் கடிகாரம்? டீச்சர் திருதிருவென விழித்தார். அதற்குள், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய பையன் எழுந்துவிட்டான்.

"கடிகாரமா? என் பேப்பர்ல கடிகாரமும் இல்ல, கடைக்காரரும் இல்ல. நீ கனவுல படிச்சியா?"

"உன் பேப்பரை நீ முழுசாப் படிச்சாத்தானே வக்கீலய்யா" என்றது முன் பெஞ்ச்.

"எனக்கும் கடிகாரம் இருக்குடா."

"எனக்கு இல்லையே. எனக்கு பஸ் கண்டக்டர்தானே வர்றாரு?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து, சந்தைக் கடை ஆனது. ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. டீச்சர் பக்கத்தில் இருந்த பிரதியை வாங்கிப் புரட்டினார். அடுத்த வாரத்துக் கதையின் பின்பாதி இந்த வாரத்துக் கதையின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் முதல்வர் தாளையே உற்றுப் பார்த்தபடி இருந்தார். எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் மனசு ஊசலாடியது. ஆனால் தப்பாகப் படித்தோமோ என்று ஜன்னலோரப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளைங்களா, தப்பு என்னோடது" என்றார் டீச்சர். "தாள் மாறிப்போச்சு. பாதிப் பேர் கையில ரெண்டு கதை ஒட்டிக்கிட்டு இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீ தலையைத் தூக்கும்மா. உன் கையில இருந்ததை ஒழுங்காப் படிச்சு, உறவே இல்லாத ரெண்டு கதைக்கு நீ ஒரு உறவைக் கண்டுபிடிச்சே. எனக்கு அது தோணியிருக்காது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

பின்னால் பெஞ்ச் நகரும் சத்தம். முதல்வர் எழுந்து நின்றார். சிரிப்பு அடங்கியது.

"எனக்கும் கடிகாரம்தான் வந்துச்சு" என்றார். "அந்தப் பொண்ணு சொன்ன மாதிரிதான் நானும் நினைச்சேன். சரி, உண்மையில அந்த அம்மா பஸ் ஏறினாங்களா, இல்லையா?"

"சார், அவங்க வந்து..." என்று வக்கீல் வாயெடுத்தான்.

"சொல்லாதே!" என்று கடிகாரக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் அவன் வாயை அடைத்தார்கள். மணி அடித்தது. யாரும் பையைத் தூக்கவில்லை.

"அடுத்த வகுப்புல சொல்றேன்" என்றார் டீச்சர் பழக்கத்தில். அப்படி ஒரு வகுப்பு உண்டா என்ற நினைப்பு பிறகுதான் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதல்வர் தன் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"கம்ப்யூட்டர் பயிற்சியைக் காலையில வச்சுக்கச் சொல்றேன். அடுத்த வகுப்பு என்னைக்கு டீச்சர்? எனக்கு மட்டும் தாளைச் சரியாக் குடுங்க."

வீட்டுக்கு அவர் நடந்து வந்தாரா, பறந்து வந்தாரா என்று அவருக்கே தெரியாது. தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே நாத்தனார் கேட்டாள்.

"என்ன அண்ணி, பின் எல்லாம் ஒழுங்கா நின்னுச்சா?"

டீச்சர் அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்.

"நல்லா நின்னுச்சுடி. அடுத்த கதைக்கும் நீதான் அடிக்கணும். மொதல்ல எழுந்திரி, நடந்ததைச் சொல்றேன், கேளு."

மெஷின் நின்றது.

"அப்புறம்?" என்றாள் நாத்தனார்.